எழுபத்தேழு நாள் கணக்கு

பென்னாகரத்தில் லாகரிதம் அட்டவணை விற்கும் கடை இப்போது ஒன்றுதான் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஜெராக்ஸ் எடுக்கும் கடை அது. கேட்டால் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, "இதெல்லாம் இன்னும் யாரு வாங்கறாங்க?" என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார்கள். போன வருடம் ஆடி மாதம் நான் ஒன்று வாங்கினேன். பள்ளியில் படிக்கும்போது வாங்கியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. புதியது ஷைனிக்காக.

ஐயா, மருத்துவமனையிலிருந்து நீங்கள் ஷைனி அமலன் பெயருக்கு எழுதிய கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. எங்கள் வீட்டுத் தபாலைத் தபால்காரர் என் மேசையிலேயே கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் மனு எழுதிக் கொடுப்பவள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எது கேட்டாலும் எழுதுவேன். பதினான்கு வருடத்தில், விவரம் போதவில்லை என்று என் மனு ஒன்றும் திரும்பி வந்ததில்லை. உங்களுக்கும் அப்படியே விவரம் குறையாமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஆக்சிலியா. ஷைனி என் கணவருடைய தம்பியின் மனைவி.

உங்கள் கடிதம் மரியாதையாக இருந்தது. ஸ்கேனில் தைராய்டுக் கட்டி இன்னும் கொஞ்சம் மிச்சம் தெரிவதால் ஷைனிக்கு இரண்டாவது முறை கதிரியக்க அயோடின் மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் முறை, எத்தனை நாள் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று எழுத வேண்டிய கட்டத்தை உங்கள் ஆட்கள் காலியாக விட்டதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தீர்கள். அதற்கு அடுத்த பத்திதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஸ்கேனுக்கு வந்தபோது ஷைனி கொடுத்துவிட்டுப் போன நோட்டுத் தாளைப் பிறகு பார்த்ததாகவும், மடக்கையில், அதாவது லாகரிதத்தில், எண்ணின் தலைமேல் போடும் பார் குறியைத் தவறாக எடுத்ததால் முப்பது நாளுக்குள் முடிய வேண்டியது எழுபத்தேழு நாளாகிவிட்டது என்றும், தாளைத் திருத்திச் சிவப்பு மையில் சரி என்று குறி போட்டவருக்கும் பார் முறை தெரிந்திருக்காது போலும் என்றும், இப்போதெல்லாம் பள்ளியில் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சிவப்பு மைக் குறி என்னுடையது. பிளஸ் டூவில் நான் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எங்கள் பள்ளியில் அந்த வருடம் அதுதான் முதல் மதிப்பெண். மேலே படிக்கவில்லை, அதன் காரணம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. ஆனால் பார் முறை தெரியாதவள் என்று உங்கள் கோப்பில் என்னைப் பற்றி இருக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் குடும்பம். என் கணவர் ஆரோக்கியராஜ் விவசாயம் பார்க்கிறார். மரவள்ளியும் கொஞ்சம் தக்காளியும். தம்பி அமலன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். எல்லோரும் ஒரே வீடு. எனக்குத் திருமணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. ஷைனிக்குத் திருமணமாகி இரண்டாவது வருடமே ஆரோக்கிய பிரவீன் பிறந்தான்.

அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தன்று மருத்துவமனை வராந்தாவில் முதலில் அவனைக் கையில் வாங்கியது நான். எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தையைத் தூக்கி நிற்பவர் ஞானத்தாய். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே மூத்தவளைத்தான் நிறுத்துவார்கள். நான் தருமபுரிக்குப் போய் வெள்ளை உடுப்பும், ஓரத்தில் நூல்வேலை செய்த குல்லாவும் எடுத்து வந்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், வெள்ளிக்கிழமைதான் ஷைனி சொன்னாள், அவளுடைய அக்கா ராஜமேரி பெங்களூரிலிருந்து வருகிறாள், அவள்தான் ஞானத்தாய் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பொறக்கும்போது நான் நிக்கறேங்க்கா. அது என் நேர்ச்ச" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. அவள் மனதில் கள்ளம் கிடையாது. அவளுடன் ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

வெள்ளை உடுப்பைக் கொடுத்துவிட்டேன். ராஜமேரி வேறொன்று கொண்டுவந்திருந்ததால் அதை அவன் போடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒருநாள் அவன் விடாமல் அழுதான். ஷைனி குளிக்கப் போயிருந்தாள். நான் அரை மணி நேரம் தோளில் போட்டு உலாத்தினேன், கிலுகிலுப்பை ஆட்டினேன், வெளியே கொண்டுபோய் ஆட்டுக்குட்டியைக் காட்டினேன். நிற்கவில்லை. அவள் குளியலறையில் தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான். அழுகை நின்றுவிட்டது. என் தோளிலிருந்தபடியே தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு நாலு மாதமானபோது அவள் கழுத்தில் கட்டி தெரிந்தது. ஆறாம் மாதம் அறுவை. மருந்து கொடுப்பதற்கு முன்பே தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னதால் புட்டிப்பாலுக்கு மாற்றினோம். பால் கட்டி அவள் பட்ட வேதனையை நான் கூட இருந்து பார்த்தேன். துணி நனைத்து ஒத்தடம் கொடுத்ததும் நான்தான். எட்டாம் மாதம் உங்களிடம் வந்து அயோடின் குடித்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பினாள். குழந்தையைத் தன்னிடம் விடச் சொல்லி ராஜமேரி கேட்டாள். பழகின வீட்டை விட்டு ஏன் அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டேன். அமலனுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

எங்கள் கொல்லையின் நடுவில் பழைய ஓட்டு வீடு ஒன்று உண்டு. கொல்லை என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். வீட்டு வாசலில் நின்றால் மரவள்ளிக்கு மேலே அதன் கூரை தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஷைனியை அங்கே தங்க வைத்தோம். சாப்பாட்டை நான் கொண்டுபோய்த் திண்டின் மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பேன். அவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

நீங்கள் கொடுத்த சீட்டில் இரண்டு எண்கள் இருந்தன. வெளியே வரும்போது அவள் உடம்பிலிருந்து வரும் கதிர்வீச்சு மீட்டரில் காட்டியது 25. குழந்தையைத் தூக்க 2-க்குக் கீழே இருக்க வேண்டும். மருந்தின் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டு நாள் என்று அச்சடித்திருந்தது. நாள் எழுதும் கட்டம் காலி.

"அண்ணி, இதுக்கு எத்தன நாளு ஆவும்?" என்று அமலன் என்னைத்தான் கேட்டார். நான் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடக் கணக்கு. ஆனால் ஷைனி பத்தடி தூரத்தில் நின்று, "எனக்கே சொல்லிக் குடுங்கக்கா. சும்மா ஒக்காந்து ஓட்டப் பாத்துக்கிட்டிருக்கறதுக்கு இதயாச்சும் கத்துக்கறேன். எத்தன நாளுன்னு நானே போட்டுக்கிட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

அவள் படித்தது வணிகவியல். மடக்கை என்றால் என்னவென்றே தெரியாது. அன்றைக்குத்தான் அட்டவணை வாங்கப் போனேன்.

நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன், ஐயா. ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். அவள் வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். நான் பூவரச மரத்தடியில் அடுப்புக்கரியால் அட்டையில் எழுதிக் காட்டுவேன். முதல் நாள் சிதைவு என்றால் என்ன என்று. இருப்பதில் இத்தனை பங்கு போகும். இருப்பது குறையக் குறையப் போவதும் குறையும். அதனால் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். இரண்டாம் நாள் அடுக்குக்குறி. மூன்றாம் நாள் மடக்கை, அதாவது அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் எண்ணைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் வழி. நாலாம் நாள் அட்டவணை பார்ப்பது. வரிசையில் முதல் இரண்டு இலக்கம், நிரலில் மூன்றாவது, ஓரத்தில் நாலாவது. விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, கெடச்சிருச்சுக்கா" என்று கத்துவாள். அவளுக்கு அந்த நாலு நாளும் சந்தோஷமாகத்தான் போனது. பக்கத்துக் கொல்லைக்காரர் மாயவன் வரப்பில் நின்று, "இன்னாம்மா, ஓரகத்திங்க ரெண்டு பேரும் கலெக்டருக்குப் படிக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தார். "ஆமாங்கண்ணா, நான் பாஸ் பண்ணா எம்புள்ளயக் குடுப்பாங்க" என்று ஷைனி சிரித்தாள்.

ஐந்தாம் நாள் பார்.

இரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் 0.08. ஒன்றுக்குக் குறைவான எண்ணின் மடக்கை குறை எண். ஆனால் அட்டவணையில் புள்ளிக்குப் பின்னால் வருவது எப்போதும் மிகை எண். அதனால் 0.08-க்கு, 2-இன் தலையில் மட்டும் கோடு போட்டு, பார் 2.9031 என்று எழுதுவோம். குறை இரண்டோடு 0.9031-ஐக் கூட்ட வேண்டும் என்பது அதன் பொருள். கூட்டினால் குறை 1.0969. இதை 0.3010-ஆல் வகுத்து எட்டால் பெருக்கினால் இருபத்தொன்பது நாள் சொச்சம். உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கும் தெரியும் என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

ஷைனி கேட்டது இதுதான்: "தலைமேல கோடு போட்டா என்னாக்கா அர்த்தம்?"

நான், "மைனஸ்னு அர்த்தம்" என்றேன்.

இது பொய் இல்லை. கோடு மைனஸ்தான். எதுவரைக்கும் மைனஸ் என்று அவள் கேட்கவில்லை. 2.9031 முழுவதையும் குறை எண்ணாக எடுத்துக்கொண்டு 0.3010-ஆல் வகுத்தாள். ஒன்பதரைக்கு மேல் வந்தது. எட்டால் பெருக்கினாள். எழுபத்தேழு.

அவள் கை நோட்டின் மேல் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மூலையில் ஏதோ எழுதினாள். ஐந்து நிமிடம் கழித்துத் தயக்கத்தோடு, "அக்கா, நான் சும்மா பாதி பாதியாப் போட்டுப் பாத்தேன். எட்டு நாள்ல பன்னண்டரை. பதினாறுல ஆறே கால். இருவத்தி நாலுல மூணு சொச்சம். முப்பத்திரெண்டு நாள்லயே ரெண்டுக்குக் கீழ வந்துருதே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. அட்டவணையும் வேண்டாம், நானும் வேண்டாம். காய்கறிக் கடையில் உட்கார்ந்திருப்பவள்கூடப் போடக்கூடிய கணக்கு. அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவள் முப்பத்திரண்டாம் நாள் வந்திருப்பாள்.

நான் சொன்னேன்: "அது எட்டாங்கிளாஸ் கணக்கு ஷைனி. எட்டு நாளைக்கு ஒருக்கா படியில எறங்கற மாதிரி பாதியாவறது இல்ல அது. ஒவ்வொரு நிமிஷமும் எறங்கிக்கிட்டே இருக்கும். அதப் புடிக்கத்தான் லாகு. விரல் விட்டு எண்ணினா போதும்னா எதுக்கு இத்தன பெரிய டேபிள் போட்டு வச்சிருக்காங்க?"

"அதுக்கில்லக்கா, ரொம்ப வித்தியாசம் வருதே..."

"ஒனக்கு எது மேல நம்பிக்கையோ அத வச்சுக்க. நாளைக்கு அவனுக்குக் கழுத்துல ஏதாச்சும் வந்தா, நான் விரல் விட்டுத்தான் எண்ணினேன்னு சொல்லிக்க."

மூலையில் எழுதியதை அடித்துவிட்டாள். நீங்கள் உற்றுப் பார்த்தால் அந்தத் தாளில் கீழே வலது பக்கம் அடித்த இடம் தெரியும். தாளைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். நான் எடுத்துச் சிவப்புப் பேனாவால் சரி என்று போட்டுத் திரும்ப வைத்தேன். அவள் ஆசைப்பட்டதால் பத்துக்குப் பத்து என்றும் எழுதினேன்.

அமலனுக்கு எழுபத்தேழு என்றதும் அதிர்ச்சி. "அவ்ளோ நாளா அண்ணி? போன் போட்டுக் கேட்டுரலாமா?" என்றார். "ஷைனியே போட்ட கணக்குங்க" என்றேன். ஷைனியும் கொல்லையிலிருந்து, "ஆமாங்க, நான்தான் போட்டேன், அக்கா திருத்திட்டாங்க" என்று கத்தினாள். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இனி உங்கள் கோப்பில் இல்லாத விவரங்கள்.

அவள் மருந்து குடிக்கப் போனதிலிருந்தே பிரவீன் அவளைத் தேடினான். கொல்லை வீட்டுக்கு வந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது என் பழக்கம். வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பது ஒன்று, அவள் சேலையை இழுத்து முகர்ந்து அழுவது ஒன்று, ம்மா என்று இழுப்பது ஒன்று. முதல் நாள் அறுபத்தொரு முறை. ஏழாம் நாள் முப்பது. அதைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்கும் அரை ஆயுட்காலம் இருக்கிறது. பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்தால் பார் வராது. அந்தச் சுலபமான வழியை நான் ஷைனிக்குச் சொல்லவில்லை, எனக்கு அதைத்தான் பயன்படுத்தினேன். அறுபத்தொன்றை முப்பதால் வகுத்து மடக்கை பார்த்தால் 0.3081. ஆறு நாளை 0.3010-ஆல் பெருக்கி அதனால் வகுத்தால் 5.86. ஏறக்குறைய ஆறு நாள். பதின்மூன்றாம் நாள் பதினாறு வந்தது. கணக்கு பிசகவில்லை.

நடுவில் ஒரு முறை கெட்டது. ஷைனி கெஞ்சியதால் பதினைந்தாம் நாள் மாலை அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று காட்டினேன். "பிரவீனு, எம்பட்டு, இங்க பாருடா" என்று அவள் கையை ஆட்டினாள். அவன் என் இடுப்பிலிருந்து துள்ளி இறங்கப் பார்த்தான். மறுநாள் எண்ணிக்கை பதினொன்றாக இருக்க வேண்டியது நாற்பதாகிவிட்டது. மூன்று நாளாயிற்று பழையபடி இறங்க. அதன் பிறகு நான் காட்டவில்லை. "பாத்தா ஏங்கிப் போறான் ஷைனி, காய்ச்சல் வந்துரும்" என்றேன். போனில் முகம் காட்டச் சொன்னாள். அதற்கும் அதே பதில். "வேணாங்க்கா, அவன் நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

முப்பதாம் நாள் நான் மனு மேசையிலிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அமலன் கேட்டுக்கொண்டே இருந்ததால் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண் எடுத்தாள். பெயரும் எண்ணும் கேட்டுவிட்டு, "முப்பது நாளாச்சாம்மா? இன்னிக்கே தூக்கலாம். ஒடம்புலருந்து வெளிய போறதயும் சேத்தா அதுக்கு முன்னாடியே சரியாயிருக்கும். தாராளமா தூக்கச் சொல்லுங்க" என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். உங்களிடம் அழைப்புப் பதிவேடு இருந்தால் பார்க்கலாம். காலை பதினொன்றே கால் மணி. அந்தப் பெண்ணின் மேல் தவறில்லை. சரியாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, "கேட்டேன், கணக்குப்படி இருக்கச் சொன்னாங்க" என்றேன். யாருடைய கணக்குப்படி என்று அமலன் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய என் குறிப்பில் இரண்டு என்று இருக்கிறது. அறுபத்தொன்றிலிருந்து இறங்கி வந்து, அந்த ஒரு நாளில் அவன் அவளை இரண்டு முறைதான் தேடியிருக்கிறான். ஆனால் தேடியிருக்கிறான். அந்த நிலையில் அவள் வந்து தொண்டையைச் செருமினாலே போதும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது. என் கணக்குப்படி, ஆறு நாளுக்கு ஒரு முறையாக, இன்னும் எட்டு முறை பாதியாக வேண்டும். முப்பதோடு நாற்பத்தெட்டைக் கூட்டிப் பாருங்கள். ஷைனியின் எழுபத்தேழுக்கும் அதற்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். அது தானாக அமைந்தது. நான் திட்டமிட்டேன் என்று எழுத வேண்டாம்.

ஐம்பத்திரண்டாம் நாள் அவன் என் முகத்தைப் பார்த்து ம்மா என்றான். அன்றிலிருந்து எண்ணுவதை நிறுத்தினேன்.

எழுபத்தேழாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. அமலன் இருக்கட்டும் என்று ஞாயிறுவரை ஷைனியே பொறுத்துக்கொண்டாள். பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது தலை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். கழுத்தில் தழும்பு. இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிரவீனு, அம்மாடா. வா, வா சாமி."

அவன் பார்த்தான். முதலில் கழுத்துத் தழும்பை, பிறகு என்னை. என் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டான். அவள் கிட்டே வந்து முதுகைத் தொட்டதும் வீறிட்டான்.

"டேய், பெத்தவளயே மறந்துட்டியாடா திருட்டுப் பயலே" என்று அமலன் சிரிக்கப் பார்த்தார். "கொஞ்ச நேரம் போவட்டும் உடுங்க, பழகிக்குவான்" என்றார் என் கணவர். ஷைனியும் சிரித்தாள். ஒருமுறை தொண்டையைச் செருமினாள், வேண்டுமென்றே செய்தாளா என்று தெரியாது. நான் அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பவில்லை.

"நீங்களே வச்சிருங்கக்கா, அழ வெக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் போய்ப் பார்த்தபோது அவனுடைய பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவி வைத்தது அது.

பழகவே இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது அவளிடம் போகிறான், சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்கிறான். தூங்க என்னிடம் வந்துவிடுவான். விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவான். அக்கம்பக்கத்தில் யாராவது "யாரு புள்ளடா நீ?" என்று கேட்டால் ஷைனியே, "பெரியம்மா புள்ள" என்று சொல்லிவிடுகிறாள். கடவுள் எதற்காகவோ இப்படிச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறாள். நானும் அவளைத் திருத்தவில்லை.

ஆகவே எழுபத்தேழு என்பது பிழை இல்லை. பார் முறை தெரியாமலும் நடக்கவில்லை. சரியான விடை இருபத்தொன்பது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு தாயைப் பிள்ளையிடமிருந்து நாற்பத்தெட்டு நாள் கூடுதலாகப் பிரித்து வைத்தேன். அவன் அவளை மறக்கும்வரை வைத்தேன். உங்கள் பதிவில் அந்த வரியைத் திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம். பதினோரு வருடத்தில் நான் இந்த வீட்டில் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அவளிருந்த இந்த மூன்று வருடத்தையும் சேர்த்து.

உங்கள் கடிதத்தை ஷைனியிடம் காட்டவில்லை. இரண்டாவது முறை மருந்து உண்டு என்பதை மட்டும் வாயால் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இந்தவாட்டி பரவாயில்லக்கா" என்றாள். "போனவாட்டி அவன் அழுவறது கொல்லை வூடு வரைக்கும் கேக்கும். தலவாணிய வச்சுக் காதப் பொத்திக்கிட்டுக் கெடப்பேன். ஓடி வந்துரலாமான்னு எத்தனயோ தடவ வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். இந்தவாட்டி அவன் அழ மாட்டான் இல்ல?"

"அழ மாட்டான்" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி அவளுக்கு யாரால் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது. செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டும் வழக்கம் எனக்கு இல்லை.